மேஜைக்கு வராத பற்கள்

தெரு முழுக்க அவரைச் செட்காரர் என்றுதான் கூப்பிடும். பல்செட் செய்கிறவர் என்பதைச் சுருக்கிச் சுருக்கி அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால், கீழே நகல் எடுக்கிற கடைக்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார்.

அந்த நகல் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அவருடைய பட்டறை. ஒரே ஜன்னல், நீளமான ஒரு மேஜை, உரசுகிற மோட்டார், வெந்நீர்ப் பாத்திரம், சுவரை மறைத்து நிற்கும் அலமாரி, எதன்மேல் கை வைத்தாலும் ஒட்டிக்கொள்கிற வெள்ளைத் தூசி. ஐந்தாறு பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அவருக்கு அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதரின் தாடை வெள்ளையாக எழுந்து நிற்கும். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லைப் பதித்து, பிறகு மெழுகு இருந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கை அழுத்தி வேகவைத்து, உரசி, மினுக்கி அனுப்புவார். முப்பத்து நான்கு வருடத் தொழில். அவர் செய்த செட்டைப் போட்டுக்கொண்டால் நாக்கே ஏமாந்துபோகும். வேலையில் அவரைக் குறை சொல்ல எவனாலும் முடியாது.

குறையெல்லாம் அவர் பேச்சில்தான். பல்லைப் பற்றி எது கேட்டாலும் பதில் வைத்திருப்பார். டாக்டருக்குப் படித்தவர்கள் ஐந்து வருடம் படித்தார்கள் என்றால், தான் முப்பத்து நான்கு வருடம் படித்ததாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் படிப்பில் அவர் கண்டுபிடித்த பெரிய உண்மை ஒன்று உண்டு. பல்லைச் சுத்தம் பண்ணினால் பல் ஆடும். அதிலும் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள்ளே கருவியை விட்டுச் சுரண்டுகிறார்களே, அந்த ஆழ் சுத்தம் பண்ணினால் பல் போயே போய்விடும்.

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல, தானே கண்ணால் பார்த்தது என்பார். அதில் பொய்யும் இல்லை. ஒவ்வொரு அச்சோடும் டாக்டர் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார். காலையில் டீயைக் குடித்தபடி அந்தச் சீட்டுகளைப் படிப்பதுதான் அவர் நாளின் தொடக்கம். 'ஆழ் சுத்தம் செய்தது. பலன் இல்லை. நான்கு பல் எடுத்தது.' அடுத்தது: 'சுத்தம் செய்து ஒரு வருடம். முன்பற்கள் விழுந்தன.' அதற்கடுத்ததும் அதே கதைதான். இப்படி ஆயிரக்கணக்கில் படித்த மனிதர் வேறென்ன முடிவுக்கு வருவார்? சுத்தம் பண்ணின வாய்கள்தான் வரிசை கட்டிக்கொண்டு அவர் மேஜைக்கு வந்தன.

தெருவில் யாருக்குப் பல் தொந்தரவு என்றாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். எதிர்வீட்டு டெய்லர் ஒருமுறை வந்து நின்றார்.

"அண்ணா, ஈறுக்குள்ள விட்டு சுத்தம் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரு. பண்ணிக்கலாமா?"

"இப்ப உன் பல்லு ஆடுதா?"

"இல்லையே."

"ஆட வைக்கணும்னு ஆசையா?"

டெய்லர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். டாக்டரிடம் போகவில்லை.

வெளியாருக்கே இப்படி என்றால் வீட்டைக் கேட்கவா வேண்டும். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஐம்பதைத் தொடும்போது சர்க்கரை வந்தது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே பல் விளக்கும்போது பிரஷ்ஷில் ரத்தம் படிந்துகொண்டிருந்தது. ரத்தம் வருகிற இடத்தில் அவள் பிரஷ்ஷே வைக்கமாட்டாள். புண்ணைப் போய் யாராவது கிளறுவார்களா என்பது அவள் நியாயம். கணவரும் அதைத்தான் சொன்னார்.

"மெதுவா பண்ணு. உப்புத் தண்ணில கொப்பளி. போதும்."

"பல்லுக்குப் பின்னாடி கல்லு மாதிரி கட்டியிருக்குங்க. நாக்கு வெச்சா சொரசொரன்னு இருக்கு."

"அது இருக்கட்டும். அதுதான் பல்லைப் பிடிச்சு வெச்சிருக்கு. சுவத்துல சிமென்ட்டைச் சுரண்டிட்டா செங்கல் நிக்குமா?"

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், ஊரே நம்புகிறது.

வலி இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஈறு நோயில் வலி என்று பெரிதாக எதுவும் வராது. ரத்தம் வரும், ஈறு தடிக்கும், வாய் நாறும். நாற்றம் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் சொல்லமாட்டார். பள்ளிக்கூடத்தில் அவளோடு பேசுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு அடி தள்ளி நின்று பேச ஆரம்பித்தார்கள். மரியாதைக்காகத் தள்ளி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

கடைசியில் சொன்னது அவர்களுடைய ஒரே மகள். வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வந்த அன்றைக்கே அம்மாவைக் கட்டிக்கொண்டவள் அப்படியே விலகினாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. உன் வாய் ரொம்ப நாறுது. எத்தனை நாளா இப்படி?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று முழுக்க அந்தத் தலைப்பு வாயைவிட்டு இறங்கவில்லை. மகள் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாளே அவளை ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். செட்காரரும் கூடப் போனார். மனமில்லைதான். ஆனால் பதினாறு வருடமாக அவருக்கு வேலை அனுப்புகிற டாக்டர், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. நுனியில் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் நர்ஸ் எழுதினாள்.

"மூணு. ரெண்டு. மூணு. ஆறு. ஆறு. ஏழு."

ஏழு என்றதும் மகள் நிமிர்ந்தாள். "அது என்ன டாக்டர்?"

"சட்டைக் காலர் கழுத்தைச் சுத்தி இருக்கில்ல, அந்த மாதிரி ஈறு பல்லைச் சுத்தி இருக்கு. காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடம் இருக்கலாம். அம்மாவுக்கு ஏழு வரைக்கும் இறங்குது. அந்தக் குழிக்குள்ள அழுக்கு போய்க் கல்லா இறுகியிருக்கு. எந்த பிரஷ்ஷும் அங்க போகாது. கல்லு இருக்கற வரைக்கும் ஈறு பல்லோட ஒட்டாது. அடியில எலும்பு கரைஞ்சிட்டே போகும். எலும்பு போனா பல்லு எதுல நிக்கும்?"

செட்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்துப்போக ஊசி போட்டு, உள்ள இருக்கற கல்லை எடுத்து வேரை வழவழன்னு ஆக்கிடுவோம். ஈறு இறங்கி இறுக்கமா ஒட்டிக்கும். இன்னைக்கு வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம். ரெண்டு மூணு வாரத்துக்குக் கூசும். ஈறு வீக்கம் வடிஞ்சு பல்லு நீளமாத் தெரியும். கொஞ்சம் ஆடற மாதிரிகூட இருக்கும். பயந்துடாதீங்க, இறுகிடும்."

ஆடும் என்று இவர்களே முன்கூட்டி ஒத்துக்கொள்கிறார்கள் என்று செட்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

வலது பக்கம் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வலிக்கவே இல்லை என்றாள் அவர் மனைவி. திரும்பும்போது பஸ்ஸில் தண்ணீர் குடித்தாள். மரத்துப்போன வலது ஓரத்தில் தண்ணீர் வழிந்து ரவிக்கை நனைந்தது. மகள் துடைத்துவிட்டுச் சிரித்தாள், அம்மாவும் கோணிய வாயோடு சிரித்தாள். பல்லுக்கிடையில் விட்டுத் தேய்க்க டாக்டரம்மா ஒரு சின்ன பிரஷ் கொடுத்திருந்தார். மகள் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து இரண்டு நாள் பழக்கிவிட்டு ஊருக்குப் போனாள்.

அவள் போனதும் செட்காரர் பட்டறையிலிருந்து டார்ச்சைக் கொண்டுவந்தார்.

"வாயைத் திற."

திறந்தாள். வலது பக்க ஈறு வடிந்திருந்தது. பற்கள் முன்பைவிட நீளமாகத் தெரிந்தன. பல்லுக்குப் பல் இடைவெளி. அவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு பல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஆடியது.

"பாத்தியா?"

"தண்ணி பட்டாலே கூசுதுங்க."

"நான் எத்தனை வருஷமா சொல்றேன். அவங்க கெடுத்த ஒரு பக்கம் போதும். இன்னொரு பக்கத்தையாவது விட்டுவைப்போம்."

மறுவாரம் அவரே டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, வெளியூர் போகிறோம் என்று சொல்லிவிட்டார். எந்த வெளியூர், அடுத்த தெருவுக்குக்கூடப் போகவில்லை. மகள் கேட்டதற்கு, இடது பக்கத்துக்கு இன்னும் அவ்வளவு அவசரம் இல்லையாம் என்று ஒரு பொய். தன் மனைவியின் பல்லைத் தான் காப்பாற்றிவிட்டதாகவே அந்த மனிதர் நம்பினார். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறுதல் அடையலாம். அவரிடம் அது இல்லை.

இரண்டு வருடம் போயிற்று. முதல் பல் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது வந்தது. கல் என்று நினைத்துத் துப்பினாள். டிபன் பாக்ஸ் மூடியில் சொந்தக் கடைவாய்ப் பல் விழுந்து உருண்டது. சுற்றி நான்கு டீச்சர்கள். அன்றிலிருந்து அவள் தனியாக ரெக்கார்டு அறையில் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாவது பல் கன்னம் வீங்கியபிறகு போனது, டாக்டரம்மாதான் எடுத்தார். "இடது பக்கத்துக்கு வரவே இல்லையேம்மா" என்று அவர் கேட்டதற்கு, வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள். மூன்றாவதை யாரும் எடுக்கவில்லை. ஒரு காலை வாஷ்பேசின் முன்னால் நின்று வாய் கொப்பளித்தவள், ஏதோ உறுத்துகிறதே என்று விரலை விட்டாள். பல் கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் காட்டினாள்.

"வலிக்கவே இல்லைங்க" என்றாள், அது ஏதோ நல்ல சேதி போல.

அவர் பல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வேரின் நுனிவரைக்கும் கருப்பாகக் கல் படிந்திருந்தது.

"எல்லாம் அன்னைக்குக் கையை வெச்சாங்களே, அதோட வினை" என்றார்.

மூன்று பல் போனபிறகு செட் போடாமல் முடியாது. அவள் பள்ளிக்கூடத்திலிருந்தே நேராக டாக்டரம்மாவிடம் போய் அச்சுக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை, மற்ற அச்சுகளோடு அதுவும் ஒரு பிளாஸ்டிக் பையில் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. செட்காரர் வழக்கம்போல மாவைக் கரைத்து ஊற்றினார். காயும்வரை வேறு வேலை பார்த்தார். காய்ந்ததும் அச்சை உரித்தார். முப்பத்தொரு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட வாய் கையளவு வெள்ளை மாவாக மேஜையில் இருந்தது. சீட்டைப் பிரித்தார்.

'கீழ்த் தாடை, இடது பக்கம், மூன்று பல். வலது பக்கம் ஆழ் சுத்தம் செய்தது, நன்றாக உள்ளது. இடது பக்கம் சுத்தம் செய்யவில்லை.'

ஒருதரம் படித்தார். மாவுத் தாடையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

வலது பக்கம் அத்தனை பல்லும் நின்றது. ஈறின் விளிம்பு மெல்லியதாக, கத்தியால் சீவின மாதிரி, பல்லை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது பக்கம் மூன்று பல் இருந்த இடம் பள்ளமாக இறங்கிக் கிடந்தது. மிச்சம் இருந்த கோரைப்பல்லையும் அதை ஒட்டிய சிறிய பல்லையும் சுற்றி ஈறு தடித்துச் சுருண்டிருந்தது. முழுக்கக் கெட்ட தாடைகளை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். ஒரே தாடையில் பாதி இப்படியும் பாதி அப்படியும் பார்த்ததில்லை. ஒரே வாய், ஒரே சாப்பாடு, ஒரே சர்க்கரை.

பக்கம் மாற்றி எழுதியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. நர்ஸ் பெண் புதுசு, வலது இடது தெரியாமல் எழுதியிருப்பாள். ஆனால் பஸ்ஸில் தண்ணீர் வழிந்தது வலது ஓரத்தில். மகள் துடைத்துவிட்டது வலது ஓரத்தைத்தான். அவர் அப்போது எதிர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினார்.

டாக்டரம்மா நோயாளியை அனுப்பிவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டார். செட்காரர் உட்காரவில்லை.

"முப்பத்து நாலு வருஷமா பாக்கறேன் டாக்டரம்மா. சுத்தம் பண்ணின வாயாத்தான் என்கிட்ட வருது. பாதிக்கு மேல அப்படித்தான். சீட்டெல்லாம் கட்டி வெச்சிருக்கேன், வேணும்னா காட்டறேன்."

"வரும். ஏன் வராது?"

"அப்ப சுத்தம் பண்ணினாத்தானே போகுது?"

டாக்டரம்மாவுக்கு அவர் கேட்டது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"அண்ணா, நாங்க சுத்தம் பண்ணி பல்லு நின்னுட்டா அந்த ஆளுக்கு எதுக்கு செட்டு? அவர் அச்சை நான் ஏன் உங்களுக்கு அனுப்பப்போறேன்? போன மாசம் பதினோரு பேருக்குப் பண்ணினேன். ரொம்ப முத்திப்போய் வந்தவங்க ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரும் ஒருநாள் உங்க மேஜைக்கு வருவாங்க. மத்த ஒம்பது பேரை நீங்க எங்க பாக்கப்போறீங்க? அவங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பாங்க."

செட்காரர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பட்டறையின் அலமாரி முழுக்க நிற்கும் தாடைகள் அவர் நினைவுக்கு வந்தன. அத்தனையும் தோற்றுப்போனவை. ஜெயித்த வாய் ஒன்றுகூட அந்த மாடிப்படி ஏறியதில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் இது தனக்குத் தோன்றவில்லையே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க கேட்டீங்களா? வெளியூர் போறோம்னு போன் பண்ணினீங்க."

டாக்டரம்மாவே தொடர்ந்தார்.

"ஆனது ஆச்சு. இன்னும் ரெண்டு இருக்கு. கோரைப்பல்லும் அதுக்கு அடுத்ததும். ஆடுது, ஆனா பிடிப்பு கொஞ்சம் இருக்கு. இந்த வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். விட்டுட்டா போயிடும், அது மட்டும் நிச்சயம். அதுவும் போச்சுன்னா இடது பக்கம் உங்க செட்டுக்குக் கொக்கி மாட்டக்கூட இடம் இருக்காது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவருக்குத் தெரியாதா. கொக்கி மாட்டப் பல் இல்லாத செட் வாயில் நிற்காது, பேசினால் கிளம்பும், மென்றால் எலும்பை உறுத்தும். வருடக்கணக்காக அவரே பார்த்த கூத்து அது.

பட்டறைக்குத் திரும்பி, மாவுத் தாடையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனார். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சுத்தம் பண்ணினா பல்லு போகும்னு சொன்னேன்ல. அது தப்பு. பண்ணாம விட்டதாலதான் போச்சு. நான்தான் போகவிடாம பண்ணினேன்."

சொல்லிவிட்டார். துணியைப் பிரித்துத் தாடையை எடுத்து, வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் விரல் வைத்துக் காட்டினார். டாக்டரம்மா சொன்ன பதினோரு பேர் கணக்கையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று வரும் வழியிலேயே மனதைத் தயார் பண்ணியிருந்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை. மாவுத் தாடையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"டாக்டரம்மா உங்களை நல்லாப் பேசி அனுப்பிட்டாங்க."

"பேசறதுக்கு என்ன இருக்கு? நீயே பாரு. சுத்தம் பண்ணின பக்கம் நிக்குது."

"அது ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? சுத்தம் பண்ணினதுல இருந்து அந்தப் பக்கம் கூசுது. கூச்சம் போனபிறகும் பயத்துல அந்தப் பக்கம் நான் கடிக்கறதே இல்ல. ரெண்டு வருஷமா எல்லாத்தையும் இடது பக்கமே போட்டு மென்னேன். உழைச்ச பல்லு போச்சு. சும்மா இருந்த பல்லு நிக்குது."

அவளும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறாள். சொந்த வாயில், தினம் மூன்று வேளை பார்த்தது.

"அப்படி இல்லடி. அந்தக் குழிக்குள்ள கல்லு..."

"கல்லுதான் பல்லைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. மூணாவது பல்லு வந்தப்பகூட, அன்னைக்குக் கையை வெச்சதாலதான்னு சொன்னீங்க. எனக்கு மறதி ஒண்ணும் இல்ல."

"அதான் தப்புன்னு சொல்றேனே."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க. தெரியுது."

அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. வேறு வழியில்லாமல் மகளுக்குப் போன் போட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டு, போனை மனைவியிடம் நீட்டினார். மகள் அழுதுகொண்டே பேசுவது வெளியில் கேட்டது. இவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னைக்கு உன் பேச்சைக் கேட்டுப் போனேன் பாரு, அதுதான் நான் பண்ணின தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பிறகு காயை எடுத்துத் திரும்ப நறுக்க ஆரம்பித்தாள். அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"இருக்கற ரெண்டையாவது விட்டுடுங்க. அது எத்தனை நாள் இருக்கோ இருக்கட்டும்."

வியாழக்கிழமை அவர் பட்டறைக்குப் போகவில்லை. மூன்று மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பள்ளிக்கூடம் விட்டால் அவள் மூன்றரைக்கு வந்துவிடுவாள். நடந்துபோனாலே நாலு மணிக்குப் போய்விடலாம். எதிர்வீட்டிலிருந்து டெய்லர் எட்டிப்பார்த்து, எங்கே அண்ணா கிளம்பிட்டீங்க என்றார். இவர் தெருமுனையைப் பார்த்தபடி நின்றார். நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணினாள். இதோ வருகிறோம் என்றார். மனைவி ஆறேகாலுக்குத்தான் வந்தாள். பஸ் கிடைக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் செட்காரர் மனைவியின் மாவுத் தாடையை மேஜையில் வைத்து வேலையைத் தொடங்கினார். அவள் பல்லின் நிறத்துக்குப் பொருந்துகிற, செயற்கைக் கடைவாய்ப் பற்களை வரிசையாக ஒட்டிவைத்த பட்டையைத் தேடி எடுத்து, மூன்று பல்லைக் கழற்றி மெழுகில் நிறுத்தினார். கூடவே ஊற்றியிருந்த மேல் தாடையோடு சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்த்து, ஒன்றை ஒரு நூல் அளவு இறக்கினார். இனிமேல் ஏதாவது சேர்க்கவேண்டி வந்தால் புது செட் செய்யாமல் இதிலேயே சேர்க்கிற மாதிரி, அடித்தளத்தைக் கோரைப்பல் தாண்டி உள்பக்கமாக நீட்டி மெழுகு வைத்தார். அந்த நிறத்துப் பல் சில சமயம் மாதக்கணக்கில் கடையில் வராது. அதனால் அதே பட்டையிலிருந்து இன்னொரு சிறிய பல்லையும், அதே நிறத்து முன்பல் பட்டையிலிருந்து ஒரு கோரைப்பல்லையும் கழற்றி எடுத்தார். இரண்டையும் ஒரு சின்னக் கவரில் போட்டு, மேலே மனைவியின் பெயரை எழுதி, இழுப்பறையில் வைத்தார்.